எச்சம் எடுத்துப் போகிறவர்கள் முடிவைக் கொண்டு வருவார்களா?

கேள்வி: ‘‘எங்களிடம் 5,000 கறிக்கோழி வளர்க்கும் கொட்டகை ஒன்று இருக்கிறது. கம்பெனியிடம் குஞ்சும் தீவனமும் வாங்கி ஒப்பந்த முறையில் வளர்க்கிறோம். சென்ற மாதம் ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, ஆன்டிபயாட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றி ஆராய்கிறார்களாம். கோழி எச்சம், தொட்டித் தண்ணீர், கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மண் எல்லாம் கேட்கிறார்கள். கொடுத்தால் பண்ணைக்குக் கெட்ட பெயர் வருமோ, அடுத்த முறை கம்பெனி குஞ்சு போடாமல் விட்டுவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு இதேபோல் எடுத்துப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கொடுக்கலாமா, வேண்டாமா?’’
- பல்லடம் வட்டார வாசகர்

பதில்: கொடுக்கலாம். ஆனால், கொடுப்பதற்கு முன்பு சில விஷயங்களைப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிலத்தை வாரத்துக்கு விடுகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. விதை யார் செலவு, உரம் யார் செலவு, களத்தில் யாருக்கு எத்தனை மூட்டை என்பதையெல்லாம் விதைப்புக்கு முன்பே பேசிவிடுவார்கள். பேசாமல் விதைத்துவிட்டு, தூற்றி முடித்த நெல் குவியலுக்கு முன்னால் நின்று பங்கு கேட்டால் சண்டைதான் வரும்.

நாடு விட்டு நாடு நடக்கும் ஆராய்ச்சியும் ஒரு வகையில் வாரச் சாகுபடிதான். பணமும் கருவியும் பெரும்பாலும் ஒரு நாட்டிலிருந்து வருகின்றன. எச்சம், தண்ணீர், மண், வெயிலில் அலைந்து அவற்றைச் சேகரிக்கும் ஆட்கள் இன்னொரு நாட்டிலிருந்து. விளைச்சலாகக் கிடைப்பது ஆய்வுக் கட்டுரை, பெயர், புதிய சட்டம், புதிய மருந்து. சில சமயம் பழியும் சேர்ந்து விளையும். எது யாருக்கு என்று முன்பே பேசிக்கொள்ளாததால் வந்த சிக்கல்களை உலகம் பார்த்திருக்கிறது. அப்படி ஒரு சிக்கலில் சென்னைக்கும் தொடர்பு உண்டு.

எச்சத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பருத்தியில் ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். நூறு காய்ப்புழுவில் தொண்ணூற்றெட்டு சாகும். மிஞ்சிய இரண்டும் மருந்தைத் தாங்கும் சக்தி உள்ளவை. அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் வாரிசுகளாக இருக்கும். பிறகு அந்த மருந்தை எவ்வளவு அடித்தாலும் வீண்தான்.

ஆன்டிபயாட்டிக்கிலும் இதேதான் நடக்கிறது. ஆனால், பாக்டீரியாவிடம் புழுவுக்கு இல்லாத ஒரு வித்தை உண்டு. மருந்தைத் தாங்கும் குணம் அடங்கிய சிறு மரபணுத் துண்டை, ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். வாங்கிக்கொள்வது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. கோழிக் குடலில் உருவான குணம் எச்சத்தின் வழியாகத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் போய், அங்கிருந்து மனிதர் உடலுக்குள்ளும் போகலாம். மனிதரிடமிருந்து ஆஸ்பத்திரிச் சாக்கடை வழியாகத் திரும்பவும் வரலாம்.

2019-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றினால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பிரசவம், குடல்வால் அறுவை, குழந்தையின் நிமோனியா என எல்லாமே ஆன்டிபயாட்டிக்கை நம்பித்தான் இருக்கின்றன. அந்த மருந்து பலிக்காமல் போனால் பாதிக்கப்படுவது பண்ணையாளரின் வீடும்தான். அதனால்தான் விஞ்ஞானிகள் எச்சத்தைத் தேடி வருகிறார்கள். கிருமிக்குப் பாஸ்போர்ட் தேவை இல்லை என்பதால், எந்த நாடும் தனியாக இதை ஆராய்ந்து முடிக்க முடியாது.

பெயரில் வந்த சண்டை

2008-ல் சுவீடனில் இந்திய வம்சாவளி நோயாளி ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. அவர் அதற்கு முன்பு புதுடெல்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர். அவரிடம் எடுத்த பாக்டீரியாவில், கடைசி நிலையில் கொடுக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே சிதைக்கும் ஒரு நொதி இருந்தது. அதுவரை யாரும் பார்த்திராத அந்த நொதிக்கு விஞ்ஞானிகள் ‘நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1’ என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமாக என்.டி.எம்-1.

2010 ஆகஸ்ட்டில் லண்டனிலிருந்து வரும் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ இதழில் பெரிய கட்டுரை ஒன்று வந்தது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா-பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று இந்த நொதி உள்ள பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டதாக அது சொன்னது. ஆய்வில் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் முக்கியக் கூட்டாளி. கட்டுரையின் முதல் பெயர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளருடையது.

சிகிச்சைக்காக இந்தியாவுக்குப் போவதில் ஆபத்து இருக்கிறது என்ற தொனி கட்டுரையின் முடிவில் இருந்தது. இந்தியாவில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. நாட்டின் தலைநகரை ஒரு கிருமியோடு சேர்த்துச் சொல்வதா என்று அரசு கேட்டது. கட்டுரையின் முடிவில் உள்ள சில கருத்துகளில் தனக்கு உடன்பாடு இல்லை என்று, முதல் பெயருக்கு உரிய சென்னை ஆராய்ச்சியாளரே அப்போது செய்தியாளர்களிடம் சொன்னார். 2011 ஜனவரியில் டெல்லிக்கு வந்த லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், அந்தப் பெயரால் ஏற்பட்ட களங்கத்துக்கு வருத்தம் தெரிவித்தார். ஆனால், பெயர் மாறவில்லை. இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் டெல்லி பெயரைச் சொல்லித்தான் அந்த நொதியைக் குறிக்கிறார்கள்.

அதே 2011 ஏப்ரலில் இன்னொரு கட்டுரை வந்தது. புதுடெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் அந்த மரபணு இருந்ததாக அது சொன்னது. முறையான அனுமதி இல்லாமல் மாதிரிகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனார்கள் என்று இந்தியத் தரப்பு குற்றம் சாட்டியது.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஓரளவு உண்மை இருந்தது. கிருமி நிஜமாகவே இருந்தது. அதைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அதே நேரத்தில், முடிவை எப்படி எழுதுவது, என்ன பெயர் வைப்பது, மாதிரி எங்கே போவது என்பதையெல்லாம் மாதிரி கொடுத்த நாட்டோடு உட்கார்ந்து பேசியிருந்தால், மாதக்கணக்கில் பெயரைப் பற்றிச் சண்டை போட்ட நேரத்தில் கிருமியைப் பற்றிப் பேசியிருக்கலாம். 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 முதல், முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகளை விற்கும்போது மருந்துக் கடையில் தனிப் பதிவேடு எழுத வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

பல்லடம் வாசகர் வீட்டில் இருக்கும் பயமும் இதேதான். ஒரு நாட்டின் தலைநகருக்கே இந்தக் கதி என்றால், 5,000 கோழிப் பண்ணை எம்மாத்திரம்? நியாயமான பயம்.

முடிவு திரும்பி வந்த கதை

என்.டி.எம்-1 உள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கோலிஸ்டின் என்ற பழைய மருந்துக்குக் கட்டுப்பட்டன. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மனிதர்களுக்கு அதிகம் கொடுக்காமல் வைத்திருந்த மருந்து அது. மற்றவை கைவிட்ட பிறகு டாக்டர்கள் அதைத்தான் திரும்ப எடுத்தார்கள். இன்னொரு பக்கம், அதே கோலிஸ்டின் பல நாடுகளில் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்து போய்க்கொண்டிருந்தது.

சீனாவில் உணவுக் கால்நடைகளிடம் வழக்கமாக நடக்கும் கண்காணிப்பில், கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத ஈ-கோலை பாக்டீரியா பெருகுவதைப் பார்த்தார்கள். குவாங்சோவில் உள்ள தென் சீன வேளாண் பல்கலைக்கழகமும், பெய்ஜிங்கில் உள்ள சீன வேளாண் பல்கலைக்கழகமும் முன்னின்று ஆராய்ந்தன. 2015 நவம்பரில் முடிவு வெளிவந்தது. இறைச்சிக்கூடத்துக்கு வந்த 804 பன்றிகளில் 166-லும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-லும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய எதிர்ப்பு மரபணு இருந்தது. இந்த ஆய்விலும் கார்டிஃப் பல்கலைக்கழகம் கூட்டாளிதான். ஆனால், ஏற்பாடு வேறு. ஆய்வை நடத்தியவர்கள் உள்ளூர் வேளாண் பல்கலைக்கழகத்தார். மரபணுவுக்கு எந்த ஊர்ப் பெயரும் வைக்கவில்லை. ‘இடம் பெயரும் கோலிஸ்டின் எதிர்ப்பு’ என்ற பொருள் வரும்படி எம்.சி.ஆர்-1 என்று அது செய்யும் வேலையையே பெயராக வைத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆய்வு முடிவை சீன வேளாண் அமைச்சகம் எடுத்துக்கொண்டது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை 2017 ஏப்ரல் 30 முதல் நிறுத்தியது. நோய்க்கு மருந்தாகக் கொடுக்கத் தடை இல்லை. அதோடு விடாமல், மறுபடியும் போய் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். தீவனத்துக்கான கோலிஸ்டின் கலவை உற்பத்தி 2015-ல் 27,170 டன்னாக இருந்தது. 2018-ல் 2,497 டன்னாகக் குறைந்துவிட்டது. 23 மாகாணங்களில் எடுத்த மாதிரிகளில், பன்றிகளிடம் கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத ஈ-கோலை 34 சதவிகிதத்திலிருந்து 5.1 சதவிகிதமாகவும், கோழிகளிடம் 18.1-லிருந்து 5 சதவிகிதமாகவும் இரண்டே ஆண்டுகளில் இறங்கியது. அந்த மரபணு உள்ள கிருமியைக் குடலில் சுமக்கும் மனிதர்களும் 2016-ல் 14.3 சதவிகிதம் இருந்தது, 2019-ல் 6.3 சதவிகிதமாகக் குறைந்தது.

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது தானாக அடங்கும் என்பார்கள். அதுதான் நடந்தது. இந்தியாவும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கும் தீவனச் சேர்க்கைக்கும் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. யாரோ ஒரு பண்ணையாளர் கொடுத்த எச்சம், ஆய்வுக்கூடம் போய், சட்டமாகி, திரும்பவும் பண்ணைக்கே நன்மையாக வந்தது. கூட்டு ஆராய்ச்சி நியாயமாக நடந்தால் இப்படி முடியும்.

பங்கு கேட்ட இந்தோனேசியா

கோழிக்காரர்களுக்குப் பறவைக் காய்ச்சல் நினைவிருக்கும். அப்போது இந்தோனேசியா தன் நாட்டு வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. அந்த வைரஸை வைத்து வெளிநாட்டுக் கம்பெனி தடுப்பூசி தயாரிப்பதும், அதை வாங்கும் சக்தி தங்களுக்கு இல்லை என்பதும் தெரிந்ததும், 2007-ல் மாதிரி அனுப்புவதை நிறுத்தியது. உலகமே பதறியது. நான்கு ஆண்டு பேச்சுக்குப் பிறகு, 2011-ல் ஓர் உடன்பாடு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஃபுளூ ஆய்வுக்கூட வலையமைப்பைப் பயன்படுத்தும் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிக் கம்பெனிகள் ஆண்டுதோறும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். கொள்ளைநோய் வந்தால் தடுப்பூசியில் ஒரு பங்கை மற்ற நாடுகளுக்கு ஒதுக்க வேண்டும்.

அந்த உடன்பாடு கொள்ளைநோயாக மாறக்கூடிய ஃபுளூ வைரஸுக்கு மட்டும்தான். கோழி எச்சத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அது பொருந்தாது. இங்கே ஒவ்வொரு கூட்டு ஆராய்ச்சியிலும் தனித்தனியாகத்தான் பங்கு பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, உயிரின வளம் என்பதில் செடி, விலங்கு மட்டுமல்லாமல் நுண்ணுயிரும் அடக்கம். அந்த வளத்தை வெளிநாட்டவர் ஆராய்ச்சிக்காக எடுக்க, தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். இந்த ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் கூட்டு ஆராய்ச்சிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. மனித நோய் சம்பந்தப்பட்ட வெளிநாட்டுக் கூட்டாய்வு என்றால், மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும்.

இந்த அனுமதிகளை வாங்குவது ஆய்வுக்குழுவின் வேலை. பண்ணையாளர் அலைய வேண்டியதில்லை. வாங்கியாயிற்றா என்று கேட்பது மட்டும்தான் அவர் வேலை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போதெல்லாம் எச்சம் விமானம் ஏற வேண்டிய அவசியமே இல்லை. கிருமியின் மரபணு வரிசையை இங்கேயே படித்து, கணினி வழியாக நொடியில் அனுப்பிவிடலாம். அதனால், ‘மாதிரி வெளிநாடு போகாது’ என்ற பதில் மட்டும் போதாது. அதிலிருந்து எடுத்த தகவல் எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும்.

கொட்டகை வாசலில் கேட்க வேண்டியவை

ஆய்வுக்குழு வந்ததும், கதவைத் திறப்பதற்கு முன்பு கீழே உள்ளவற்றைக் கேட்டு, தமிழில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கிக்கொள்வது நல்லது.

1. பொறுப்பு யாருடையது? எந்தக் கல்லூரி, எந்தத் துறை, பொறுப்பு விஞ்ஞானி யார், அவர் தொலைபேசி எண் என்ன, எந்த வெளிநாட்டு நிறுவனம் கூட்டாளி, யார் பணம் தருகிறார்கள், அனுமதிக் கடிதம் எங்கே?

2. மாதிரியும் தகவலும் எங்கே போகும்? சோதனை எந்த ஊரில் நடக்கும், ஆய்வு முடிந்த பிறகு மீதி மாதிரியை என்ன செய்வார்கள், வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் திரும்பக் கேட்பார்களா?

3. பண்ணையின் பெயர் எங்கே வரும்? பெயருக்குப் பதிலாக எண் மட்டும் எழுத வேண்டும். ஊர்ப் பெயர், பண்ணை இருக்கும் இடத்தின் செல்போன் வரைபடப் புள்ளி, கொட்டகைப் புகைப்படம் ஆகியவையும் வெளியாகக் கூடாது. சின்ன ஊரில் ஒரு புகைப்படமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

4. முடிவு எப்போது வரும்? கட்டுரை வெளியாவதற்கு முன்பே பண்ணையாளருக்கு முடிவு சொல்ல வேண்டும். ‘எதிர்ப்புத் திறன் உள்ள ஈ-கோலை உள்ளது’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்று புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். பலிக்காத மருந்தை வாங்கும் செலவு மிஞ்சுவதே பண்ணையாளருக்குக் கிடைக்கும் முதல் பங்கு.

5. கெட்டது தெரிந்தால் துணை யார்? முடிவு மோசமாக இருந்தால் தண்ணீரைச் சுத்தம் செய்ய, படுக்கையை மாற்ற, தடுப்பூசி அட்டவணையைச் சரிசெய்ய ஆலோசனை தர ஒருவர் வர வேண்டும்.

6. வேண்டாம் என்றால்? நடுவில் விலகிக்கொள்ள உரிமை உண்டா, அதனால் எந்தச் சலுகையும் பறிபோகாதா?

ஒப்பந்தப் பண்ணையாளர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒப்பந்த வளர்ப்பில் கோழி கம்பெனியுடையது, கொட்டகையும் நிலமும் பண்ணையாளருடையது. வெளியாட்களைக் கொட்டகைக்குள் விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். அப்படி இருந்தால், கம்பெனியிடம் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்கும் பொறுப்பை ஆய்வுக்குழுவிடமே விட்டுவிட வேண்டும். தீவனத்தையும் மருந்தையும் தருவது கம்பெனி என்னும்போது, அதன் விளைவுக்குப் பண்ணையாளர் மட்டும் பதில் சொல்வது நியாயமில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது.

தனியாகக் கொடுப்பதைவிட ஊரில் பத்து இருபது பண்ணைகள் சேர்ந்து, விவசாயிகள் குழு அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகக் கொடுப்பது பாதுகாப்பு. எந்தப் பண்ணை என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஊர்க்கூட்டம் போட்டு முடிவைச் சொல்லுங்கள் என்று கேட்கவும் பலம் இருக்கும்.

மாதிரி எடுக்க வருகிறவர்கள் அன்று வேறு பண்ணைக்குப் போய்விட்டு வரக் கூடாது. செருப்பு மாற்றி, கிருமிநாசினித் தொட்டியில் கால் நனைத்துத்தான் உள்ளே வர வேண்டும். எதிர்ப்புக் கிருமியைத் தேடி வருகிறவர்களே புதுக் கிருமியைக் கொண்டுவந்துவிடக் கூடாது அல்லவா?

போன பிறகு என்ன மிஞ்சும்?

மானியத்தில் போட்ட சொட்டுநீர்க் குழாய், உதிரி பாகம் கிடைக்காமல் வரப்பில் சுருண்டு கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். ஆராய்ச்சிக் கருவிக்கும் இதே கதி வரும். பிரிட்டன் அரசு 2015-ல் ‘ஃபிளெமிங் நிதி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் ஆய்வுக்கூடங்களுக்கு உதவியது. இந்தியாவுக்கும் அதில் இடம் இருந்தது. 2025-ல் அந்த நிதியை நிறுத்துவதாக அறிவித்தது. பணம் கொடுத்த நாட்டின் பட்ஜெட் மாறினால், இங்கே ஆய்வுக்கூடத்தின் கதி என்ன?

அதனால், நியாயமான கூட்டு என்றால் கூட்டாளி போன பிறகும் இங்கே ஏதாவது நிற்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள், ஓடுகிற கருவி, அதற்கான ரசாயனம் வாங்க நம் அரசின் பணம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் நிற்கும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், உலக உணவு வேளாண் நிறுவனத்தின் உதவியோடு மீன், கால்நடைகளில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்க நாட்டின் பல ஆய்வுக்கூடங்களை இணைத்து ஒரு வலையமைப்பை நடத்துகிறது. வெளிநாட்டு ஆராய்ச்சி எதுவாக இருந்தாலும், அதன் முடிவு இப்படிப்பட்ட நம் ஊர்க் கணக்கில் ஏற வேண்டும்.

பல்லடம் வாசகர் மாதிரி கொடுக்க மறுத்தால், பண்ணைக்குக் கெட்ட பெயர் வராமல் போகலாம். கொட்டகைக்குள் இருக்கும் கிருமி மட்டும் அப்படியே இருக்கும். கேட்காமல் கொடுத்தால், முன்பு வந்தவர்களைப் போலவே இவர்களும் போய்விடலாம். கேட்டுக் கொடுப்பதுதான் வழி. முறையான ஆய்வுக்குழு இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால், அதுவே ஒரு பதில்தான்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ‘‘மகள் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, வெளிநாட்டுக் கூட்டாய்வு ஒன்றில் ஊர் ஊராகப் போய் மாதிரி எடுக்கிறாள். கட்டுரையில் அவள் பெயர் வருமா?’’ - சேலம் மாவட்ட வாசகி

பதில்: மாதிரி எடுத்துக் கொடுத்ததற்கு மட்டும் என்றால், பொதுவாக நன்றியுரையில்தான் பெயர் வரும். ஆய்வைத் திட்டமிடுவது, சோதனை செய்வது, கணக்கை அலசுவது, கட்டுரை எழுதுவது ஆகியவற்றில் உண்மையான பங்கு இருந்து, இறுதிக் கட்டுரையைப் படித்துச் சம்மதித்தவர்களே ஆசிரியர்கள் என்பது நடைமுறை. அதனால், வேலையில் சேரும்போதே அந்தப் பணிகளிலும் வாய்ப்புக் கேட்க வேண்டும். கட்டுரை எழுத உட்காரும்போது கேட்பது தாமதம். தன் பெயர் இருக்கும் கட்டுரையை, முடிவுரை வரை முழுக்கப் படித்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும்.

கேள்வி: ‘‘முட்டைக்கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு முட்டையை விற்கக் கூடாது?’’ - நாமக்கல் மாவட்ட வாசகர்

பதில்: மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும் காத்திருப்புக் காலத்தைப் பின்பற்ற வேண்டும். அப்படி எதுவும் எழுதவில்லை என்றால், பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள் என்பது இந்திய மருந்து விதி. எந்தத் தேதியில் எந்த மருந்து கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், பிறகு நோய் வரும்போது கால்நடை மருத்துவருக்கும் அது உதவும்.

கேள்வி: ‘‘எந்த மருந்து பலிக்கும் என்று நாமே பரிசோதித்துத் தெரிந்துகொள்ள முடியுமா?’’ - ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: முடியும். நோயுற்ற அல்லது அப்போதுதான் இறந்த கோழியை, மருந்து எதுவும் கொடுக்கும் முன்பாகக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். கிருமி வளர வேண்டும் என்பதால் சில நாள்கள் ஆகும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். ஊகத்தில் மூன்று மருந்து வாங்கிக் கொட்டுவதைவிட, ஒரு பரிசோதனை மலிவு.

கேள்வி: ‘‘கோழி எருவில் எதிர்ப்புக் கிருமி இருக்கும் என்றால், வயலுக்குப் போடலாமா?’’ - தர்மபுரி மாவட்ட வாசகர்

பதில்: பச்சையாகப் போட வேண்டாம். தென்னை நார்க்கழிவு, வைக்கோல் போன்றவற்றோடு கலந்து குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். குவியலுக்குள் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறி, பிறகு ஆறி, வாடை போனதும் பயன்படுத்தலாம். அந்தச் சூட்டில் கிருமிகள் பெருமளவு குறையும். கீரை, வெள்ளரி, தக்காளி போல பச்சையாகச் சாப்பிடும் அல்லது மண்ணை ஒட்டி விளையும் பயிர்களுக்கு நன்கு மக்கிய எரு மட்டுமே போட வேண்டும். எருக் குவியல் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி இருக்கட்டும்.